1970 செவெலில் எல்எஸ் இன்ஜின்: எந்த வேலை முன், எந்த வேலை பின்

முதலில் கேள்வி. டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கும் ஒருவர் 1970 செவர்லே செவெல் மாலிபு இரண்டு கதவு வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். உள்ளே 307 கன அங்குல வி8, இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். வண்டி ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை. பழைய செவர்லே சில்வராடோ பிக்கப்பிலிருந்து 5.3 லிட்டர் எல்எஸ் இன்ஜினை (எல்எஸ் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் புதிய தலைமுறை வி8 குடும்பம்) எடுத்துப் போடலாமா, புதிதாகப் பெட்டியில் வரும் எல்எஸ்3-க்கே போய்விடலாமா, முதலில் பெயிண்ட்டை முடித்துவிட்டு இன்ஜினைப் பார்க்கலாமா என்று கேட்கிறார். கையில் 30,000 டாலர். வாரக் கடைசியில் குடும்பத்தோடு ஏசி போட்டுக்கொண்டு போக வேண்டும், பந்தயத்துக்கு இல்லை.

என் பதில்: 5.3 தாராளமாகப் போதும். பெயிண்ட் கடைசி. இன்ஜினுக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு நல்ல பங்கை பிரேக், பெட்ரோல் டேங்க், ரேடியேட்டர், வயரிங் பக்கம் தள்ளிவிடுங்கள். இந்த மாதிரி வேலையைப் பாதியில் விட்டவர்களில் இன்ஜின் கிடைக்காமல் விட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. இன்ஜினைச் சுற்றியிருக்கும் சில்லறை வேலைகள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

இன்ஜினைத் தொடும் முன் இது என்ன வண்டி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஓட்டுநர் பக்கம் கண்ணாடி வழியாகத் தெரியும் எண் தகட்டைப் பாருங்கள். 13637 என்று தொடங்கினால் 1 என்பது செவர்லே, 36 என்பது மாலிபு வி8, 37 என்பது இரண்டு கதவு ஹார்டுடாப். இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1968 வரை எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட், அதாவது வேகத்துக்கான வகை) வண்டிக்குத் தனி எண் வரிசை இருந்தது. 1969 முதல் எஸ்எஸ் என்பது வாங்குபவர் கேட்டால் சேர்த்துக் கொடுக்கும் ஒரு பேக்கேஜ் ஆகிவிட்டது. ஆகவே உண்மையான 1970 எஸ்எஸ்ஸுக்கும் சாதாரண மாலிபுக்கும் தகட்டில் வித்தியாசம் தெரியாது. பின் சீட்டின் அடியிலோ பெட்ரோல் டேங்க்கின் தலையிலோ தொழிற்சாலைக் காகிதம் ஒன்று ஒட்டியிருக்கலாம். கிழியாமல் எடுத்தால் அதுதான் சாட்சி. எஸ்எஸ் பேட்ஜ் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம்.

ஏன் இவ்வளவு விசாரிக்கிறேன் என்றால், அசல் இன்ஜினோடு இருக்கும் உண்மையான எஸ்எஸ் 454 கையில் இருந்தால் அதை வெட்டி ஒட்டுவது பணத்தைக் கொளுத்துவது போல. சந்தையில் அதன் விலையே அந்த இன்ஜின் எண் பொருந்துவதில்தான் இருக்கிறது. உங்கள் 307 மாலிபுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதே உடம்பு, அதே 112 அங்குல வீல்பேஸ். சேகரிப்பாளர்கள் யாரும் அந்த 307-க்காகக் கூடுதல் பணம் கொடுக்கப் போவதில்லை. மனசாட்சி உறுத்தாமல் மாற்ற இதைவிட நல்ல வண்டி கிடைப்பது கஷ்டம்.

கொஞ்சம் பின்னணியும் தெரிந்திருக்கட்டும். நடுத்தர அளவு வண்டியில் பெரிய வண்டியின் இன்ஜினைப் போடும் வழக்கத்தை 1964 போன்டியாக் ஜிடிஓ பிரபலமாக்கியது. 389 கன அங்குல இன்ஜினைச் சின்ன டெம்பெஸ்டில் வைத்தார்கள். அந்த அளவு வண்டிக்கு இவ்வளவு பெரிய இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை போட்டிருந்த விதியைத் தாண்ட, அதைத் தனி மாடலாகச் சொல்லாமல் ஒரு ஆப்ஷன் என்று உள்ளே நுழைத்தார்கள். பிறகு 400 கன அங்குல வரம்பு வந்தது, 1970-இல் அதுவும் போனது. அதனால்தான் உங்கள் வண்டியின் உடன்பிறப்பு 454 எல்எஸ்6-க்கு 450 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்ய முடிந்தது. இந்த எல்எஸ்6 பிக் பிளாக் எனப்படும் பழைய பெரிய வி8 வகை. இப்போது நாம் பேசும் எல்எஸ் குடும்பத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர சம்பந்தம் இல்லை.

அந்த 450-ஐ இன்றைய எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது. அப்போது ஏர் கிளீனர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் இன்ஜினைத் தனியாக மேடையில் வைத்து அளந்தார்கள். 1972 முதல் வண்டியில் இருக்கிற மாதிரியே எல்லாம் மாட்டி அளந்த எண்ணை மட்டுமே வெளியிட்டார்கள். உங்கள் 307-க்கு 1970 காகிதத்தில் 200 குதிரைத்திறன், 1972 காகிதத்தில் அதே 307-க்கு 130. நடுவில் கம்ப்ரஷனையும் கொஞ்சம் குறைத்தார்கள் என்றாலும், பெரும்பாலான வித்தியாசம் அளந்த முறையில் வந்ததுதான். சில்வராடோவின் 5.3-க்குச் சொல்லப்படும் 270 முதல் 295 வரையான எண் புதிய முறையில் அளந்தது. அதாவது ஸ்கிராப் யார்டில் கிடக்கும் ஒரு சரக்கு வண்டி இன்ஜின் உங்கள் இழுவையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும், அதோடு பெட்ரோலையும் குறைவாகக் குடிக்கும்.

எல்எஸ் குடும்பம் செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான 1997 கார்வெட்டில் அலுமினிய எல்எஸ்1 ஆக வந்தது: 5.7 லிட்டர், 345 குதிரைத்திறன். 1999-இல் வார்ப்பிரும்பு பிளாக்கோடு 4.8, 5.3, 6.0 லிட்டர் அளவுகளில் ஜிஎம் சரக்கு வண்டிகளுக்குப் போனது. லட்சக்கணக்கில் செய்தார்கள், அதனால்தான் மலிவு. 1955-இல் வந்த சின்ன வி8-இன் சிலிண்டர் இடைவெளியான 4.4 அங்குலத்தையே இதிலும் வைத்துக்கொண்டார்கள். இன்ஜின் பின்முகத்தில் கியர்பாக்ஸ் போல்ட் துளைகளும் பெரும்பாலும் பழையபடியே. ஆகவே பழைய செவர்லேக்குள் இது உறவுக்காரன் மாதிரி உட்கார்ந்துவிடும். ஃபோர்டு மஸ்டாங் வைத்திருப்பவர்கள் 2011-இல் வந்த 5.0 லிட்டர் கொயோட்டி இன்ஜினைப் போட ஆசைப்படுவார்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு கேம்ஷாஃப்ட் இருப்பதால் அதன் தலைப்பகுதி அகலம், 60-களின் மஸ்டாங்கில் முன் ஷாக் அப்சார்பரைத் தாங்கும் ஷாக் டவரையே வெட்டியெடுக்க வேண்டிவரும். உங்களுக்கு அந்த வேலை இல்லை.

எல்எஸ்3 நல்ல இன்ஜின்தான். 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன், அலுமினியம். ஆனால் புதிதாக வாங்கினால் இன்ஜின் மட்டுமே உங்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். அதற்கேற்ற கியர்பாக்ஸ், பின் ஆக்சில், பிரேக் என்று சங்கிலியாகச் செலவு வரும். வாரக் கடைசியில் குடும்பத்தோடு போக 5.3 போதும். பின்னாளில் ஆசை வந்தால், 5.3-க்காகச் செய்த மவுண்ட், டேங்க், ரேடியேட்டர் எல்லாம் எல்எஸ்3-க்கும் பொருந்தும்.

5.3 வாங்கும்போது 1999 முதல் 2007 வரை வந்த எல்எம்7 வகையைத் தேடுங்கள். அதற்குப் பிறகு வந்தவற்றில், லேசான ஓட்டத்தில் நாலு சிலிண்டரை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருக்கும், அதன் லிஃப்டர்கள் (வால்வைத் தூக்கும் பாகங்கள்) பிரச்சினை கொடுக்கக்கூடியவை. இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள். கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர், வயர் கட்டு, ஆக்சிலேட்டர் பெடல் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து சேர்த்து வாங்குங்கள். 2003-ஐ ஒட்டிய வண்டிகளில் பெடலிலிருந்து கேபிள் கிடையாது, மின்சாரம்தான். பெடல், அதற்கான தனிப் பெட்டி, கம்ப்யூட்டர் மூன்றும் ஜோடிப் பொருத்தமாக இருந்தால்தான் வேலை செய்யும். ஒன்றை விட்டுவிட்டு வந்தால் பிறகு அலைய வேண்டியதுதான்.

இன்ஜின் ஸ்டாண்டில் இருக்கும்போதே சில காரியங்களை முடித்துவிடுங்கள். ஆயில் சம்பைக் கழற்றினால் ஆயிலை உறிஞ்சும் குழாய் பம்புக்குள் நுழையும் இடத்தில் விரல் மோதிரம் அளவுக்கு ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கும். பழையது தட்டையாகிக் கல் மாதிரி இறுகியிருக்கும். புதியதைப் போடும்போதும் கிள்ளுப்பட்டுவிடாமல் எண்ணெய் தடவி நேராக அழுத்த வேண்டும். அது சரியாக உட்காராவிட்டால் பம்பு ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். ஆயில் பிரஷர் இறங்கும், இன்ஜினே போய்விட்டது என்று நினைத்துப் பிரிப்பீர்கள். சில டாலர் பொருள். அடுத்து, காற்றை உள்ளே கொண்டுபோகும் இன்டேக்கைத் தூக்கினால் கீழே பள்ளத்தில் இரண்டு நாக் சென்சார்கள் (இன்ஜின் தட்டும் சத்தத்தை உணர்பவை). பின்னால் இருப்பதில் தண்ணீர் தேங்கித் துருப்பிடித்திருப்பது வாடிக்கை, இரண்டையும் மாற்றிவிடுங்கள். தலைப்பகுதியில் (சிலிண்டர் ஹெட்) 706 என்ற எண் இருந்தால், வார்த்த நிறுவனமான காஸ்டெக்கின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றில் சில உள்ளே விரிசல் விட்டு, வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமலே கூலன்ட்டைக் குடிக்கும்.

சரி, உடம்புக்கு வருவோம். சட்டை பட்டன் அளவு மெல்லிய காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் கீழ்ப்பகுதி, முன் ஃபெண்டரின் அடி, கதவின் கீழ் விளிம்பு இங்கெல்லாம் காந்தம் பிடிக்காமல் நழுவினால் தகட்டுக்கு மேல் கனமாகப் பட்டி போட்டு மறைத்திருக்கிறார்கள். இந்த வண்டிகளின் பலவீனம் பின் கண்ணாடியின் கீழ்ப் பள்ளம். கிளிப்புகளைச் சுற்றித் தண்ணீர் தேங்கித் துரு பிடித்து, அங்கிருந்து டிக்கிக்குள் ஒழுகி, டிக்கித் தரையையும் தின்றுவிடும். வினைல் கூரை போட்ட வண்டியானால் சந்தேகம் இன்னும் அதிகம். டிக்கி மேட்டைத் தூக்கிப் பார்க்காமல் வண்டி சுத்தம் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

அதன் பிறகு லிஃப்டில் ஏற்றிச் சேஸியைப் பாருங்கள். செவெல் தனிச் சேஸி மேல் உடம்பை ரப்பர் வைத்துப் போல்ட் போட்டு உட்காரவைத்த வண்டி. பின் சக்கரத்தின் மேல் வளைந்து போகும் இடத்தில் மண் அடைத்துக்கொண்டு உள்ளிருந்து துரு பிடிக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், அரித்தது மொத்தென்று சொல்லும். இங்கே ஓட்டை இருந்தால் 5.3 பேச்சையே ஓரமாக வைத்துவிட்டு இதைச் சரி செய்யுங்கள். உடம்பை முழுக்கக் கழற்றிச் சேஸியைத் தனியாக எடுக்கும் வேலைக்கு உங்கள் பணம் காணாது. இரும்பு திடமாக இருந்தால் அதற்குத் தேவையும் இல்லை.

பெயிண்ட்டை ஏன் கடைசி என்கிறேன்? புது இன்ஜினும் கியர்பாக்ஸும் உட்காரும்போது எங்காவது வெட்ட வேண்டும், எங்காவது வெல்டிங் வைக்க வேண்டும், இன்ஜினைப் பல தடவை இறக்கி ஏற்ற வேண்டும். பளபளக்கும் ஃபெண்டர் மேல் ஸ்பானர் விழும்போது வரும் வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: துரு வேலையும் டிங்கரிங்கும் முதலில். பிறகு உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பிளாக்கையும் கியர்பாக்ஸ் கூட்டையும் மாட்டி அளவு பாருங்கள். இதற்கென்றே பிளாஸ்டிக்கில் பொம்மை பிளாக் விற்கிறார்கள். எல்லாம் பொருந்தி வெல்டிங் வேலை முடிந்ததும் திரும்பக் கழற்றி இன்ஜின் அறைக்கு மட்டும் பெயிண்ட். அப்புறம் உண்மையான இன்ஜின். வண்டி ஓடி, ஒழுகல்கள் நின்று, சில மாதம் ஆன பின் வெளிப்பக்கப் பெயிண்ட். அழுக்கு பிரைமரோடு ரோட்டில் ஓட வெட்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

அளவு பார்க்கும்போது மூன்று இடங்களில் கண் வையுங்கள். முதலாவது ஆயில் சம்ப். சரக்கு வண்டியின் சம்ப் ஆழமானது, செவெலில் முன் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்கும். முதல் வேகத்தடையிலேயே உடையும். இந்த மாற்றத்துக்கென்று செய்த அலுமினிய சம்ப் வாங்கியே ஆக வேண்டும், இதில் சிக்கனம் வேண்டாம். வாங்கி மாட்டியதும் ஸ்டீயரிங்கை இடது கடைசியிலிருந்து வலது கடைசி வரை திருப்பச் சொல்லிவிட்டு வண்டிக்கடியில் படுத்துப் பாருங்கள். ஸ்டீயரிங்கின் நடுக்கம்பி சம்பின் வயிற்றை உரசாமல் போக வேண்டும். இன்ஜின் இழுக்கும்போது ரப்பர் மவுண்டில் சாயும் என்பதால், நின்றிருக்கும்போது நூலிழை இடைவெளி இருப்பது போதாது. அரை அங்குலமாவது வேண்டும்.

இரண்டாவது ஏசி கம்ப்ரஸர். சரக்கு வண்டியில் அது வலப்பக்கம் கீழே இருக்கும், செவெலில் அந்த இடத்தில் சேஸி நிற்கிறது. சேஸியை வெட்டி இடம் செய்பவர்கள் உண்டு. நான் அதைச் செய்யமாட்டேன். கம்ப்ரஸரை மேலே தூக்கிவைக்கும் பிராக்கெட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கூடவே கவனிக்க வேண்டியது, எல்எஸ் வகைகளில் பெல்ட் ஓடும் தூரம் கார்வெட்டுக்கு ஒன்று, கமாரோவுக்கு ஒன்று, சரக்கு வண்டிக்கு ஒன்று. ஒன்றின் புல்லியை இன்னொன்றோடு கலந்தால் பெல்ட் கோணலாக ஓடிக் கழன்றுவிடும்.

மூன்றாவது பானெட். சரக்கு வண்டியின் பிளாஸ்டிக் இன்டேக் உயரமானது. கார்வெட், கமாரோ இன்டேக் தாழ்வானவை. உங்களுடையது சமமான பானெட் என்றால், இன்ஜின் மேல் களிமண் உருண்டைகளை வைத்துவிட்டுப் பானெட்டை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். எங்கே நசுங்கியிருக்கிறது என்று களிமண்ணே சொல்லும்.

பெட்ரோல் பக்கம் ரொம்பப் பேருக்கு அலட்சியம். கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், எல்எஸ் இன்ஜெக்டர்களுக்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் அந்த அழுத்தத்தைத் தாங்காது. இன்றைய பெட்ரோல் பங்க்குகளில் கலந்து வரும் எத்தனாலும் பழைய ரப்பரை அரித்துவிடும். டேங்க்குக்கு வெளியே சேஸியில் பம்பை மாட்டிவிடலாம், செலவு குறைவு என்று யாராவது சொல்வார்கள். சிறிது நாள் ஓடும். ஆனால் வெளிப் பம்பு பெட்ரோலைத் தானே இழுத்துக்கொள்ள வேண்டும். டெக்சாஸ் கோடையில் சூடான பெட்ரோல் ஆவியாகி, பம்பு சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருக்கும், இன்ஜின் நின்றுவிடும். டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் பம்பு பெட்ரோலிலேயே குளிர்ந்துகொள்ளும். செவெலின் அதே வடிவத்தில், உள்ளே தடுப்புத் தகடும் பம்பும் வைத்த புது டேங்க் கிடைக்கிறது. தடுப்பு எதற்கென்றால், கால் டேங்க் பெட்ரோலோடு வளைவில் திரும்பும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். கார்புரேட்டரில் கிண்ணம் இருந்தது, அந்த ஒரு நொடியைச் சமாளித்தது. இன்ஜெக்டருக்குக் கிண்ணம் கிடையாது.

அழுத்தத்தைச் சீராக்க, 1999 முதல் 2003 வரையான கார்வெட்டின் ஃபில்டரையே பலர் போடுகிறார்கள். ரெகுலேட்டர் அதற்குள்ளேயே 58 பிஎஸ்ஐக்கு அமைந்திருக்கிறது. டேங்க் பக்கத்தில் அதை வைத்து மீதியை டேங்க்குக்கே திருப்பிவிட்டு, முன்னால் ஒரே குழாயைக் கொண்டுபோகலாம். மலிவான, எங்கும் கிடைக்கிற, நல்ல வழி. பம்புக்கு மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ரிலே வழியாக மட்டும் கொடுங்கள். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும், விபத்தில் உயிர் காப்பது அதுதான். நேரே சுவிட்ச் வைத்து ஓட்டும் குறுக்கு வழி வேண்டாம்.

ரேடியேட்டரில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எல்எஸ் தலைகளின் மேல் மூலையிலிருந்து பென்சில் கனத்தில் ஒரு சின்னக் குழாய் வரும், ஆவி வெளியேறுவதற்கு. பழைய ரேடியேட்டரில் அதற்கு இடம் இல்லையே என்று அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் தலைக்குள் ஆவி தேங்கி அந்த இடம் மட்டும் காய்ந்து கொதிக்கும், மீட்டர் நார்மல் என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதை ரேடியேட்டரின் உச்சியில் சேர்த்துவிடுங்கள். இரண்டு பெரிய ஹோஸ்களும் எல்எஸ்ஸில் ஒரே பக்கம் வருவதால், அதற்கென்று செய்த அலுமினிய ரேடியேட்டரை வாங்குவதே நல்லது. இரட்டை மின்விசிறியை ரேடியேட்டர் முழுவதையும் மூடும் கூண்டோடு வாங்குங்கள். கூண்டு இல்லாத விசிறி, தான் நிற்கும் வட்டத்தை மட்டும் குளிர வைக்கும். சிக்னலில் ஏசியோடு நிற்கும்போது வித்தியாசம் தெரியும்.

வயரிங்கைக் கண்டு பயப்பட வேண்டாம். சரக்கு வண்டிக் கட்டைக் கொடுத்தால் தேவையில்லாததை உருவியெடுத்து, பேட்டரி, சாவி, பம்பு என்று சில வயர்கள் மட்டும் மிஞ்சும்படி செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாகவும் வாங்கலாம். கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பை நீக்கச் சொல்ல மறக்காதீர்கள், இல்லையென்றால் ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும். நுணுக்கமான இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டியில் பாயின்ட் இக்னிஷனுக்காகச் சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் வயர் சாதாரண வயர் இல்லை; மின்னழுத்தத்தை வேண்டுமென்றே குறைக்கும் ரெசிஸ்டன்ஸ் வயர். சாவி போட்டால் மின்சாரம் வருகிறதே என்று அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு இணைப்பு எடுத்தால், 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் குறைவாக வந்து விளங்காத கோளாறெல்லாம் காட்டும். ஃபியூஸ் பெட்டியிலிருந்து முழு 12 வோல்ட் எடுங்கள். அது ஸ்டார்ட்டர் சுழலும்போதும் துண்டிக்கப்படாத முனையா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள்.

எர்த் இன்னொன்று. பேட்டரியிலிருந்து பிளாக்குக்கு, பிளாக்கிலிருந்து சேஸிக்கு, தலையிலிருந்து உடம்புக்கு என்று மூன்று கனமான இணைப்பு வேண்டும். புது பெயிண்ட்டும் பவுடர் கோட்டிங்கும் மின்சாரத்தைத் தடுக்கும், இணைப்பு வைக்கும் இடத்தில் பளிச்சென்று இரும்பு தெரியும் வரை சுரண்டுங்கள். பெட்ரோல் மீட்டரின் முள் ஹெட்லைட் போட்டதும் ஆடினால் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படுவதற்கு முன் இங்கே பாருங்கள். புது டேங்க்கின் மிதவை 0 முதல் 90 ஓம் வகையாக இருந்தால் உங்கள் பழைய மீட்டரே சரியாகக் காட்டும்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். 5.3-ஓடு வரும் 4எல்60இ நாலு கியர் ஆட்டோமேட்டிக் போதும், இன்ஜின் கம்ப்யூட்டரே அதையும் ஓட்டும். அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும், டிரைவ் ஷாஃப்ட்டை அளந்து புதிதாகச் செய்ய வேண்டும். நாலாவது கியரின் விகிதம் 0.70. பின் ஆக்சில் விகிதம் 3.31, டயர் 26 அங்குலம் என்று வைத்தால், 70 மைல் வேகத்தில் பழைய பெட்டியோடு நிமிடத்துக்கு 3,000 சுற்றை ஒட்டிச் சுற்றும் இன்ஜின் இதில் 2,100-இல் சுற்றும். நெடுஞ்சாலையில் பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேசலாம். பவர்கிளைடையே வைத்துக்கொள்ள நினைத்தால், எல்எஸ் கிராங்க் 0.4 அங்குலம் உள்ளே தள்ளியிருப்பதால் நடுவில் ஒரு ஸ்பேசர் வேண்டும். முடியும்தான், ஆனால் ஏன்? ஆறு கியர் டி56 மேனுவலுக்குத் தரையின் நடு மேட்டை வெட்ட வேண்டும், விலையும் அதிகம். பின் ஆக்சில் அநேகமாக 8.2 அங்குல 10 போல்ட் வகையாக இருக்கும். சாதாரண டயரோடு, சிக்னலில் யாரோடும் போட்டி போடாமல் ஓட்டினால் 5.3-ஐத் தாங்கும்.

பிரேக்கை இன்ஜினுக்கு முன்பே முடித்துவிடுங்கள், அந்த 307 இருக்கும்போதே. 3,400 பவுண்டுக்கு மேல் கனக்கும் வண்டி, நாலும் டிரம், பவர் உதவியும் இல்லாமல் இருக்கலாம். மலைச் சரிவில் ஒருமுறை சூடாகிவிட்டால் பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. முன்னால் டிஸ்க், பூஸ்டர், புது மாஸ்டர் சிலிண்டர், புதுக் குழாய்கள் இவ்வளவும் கட்டாயம். முன் டிஸ்க் கிட்டில் உயரமான ஸ்பிண்டில் (முன் சக்கரத்தைத் தாங்கும் பாகம்) வருகிறதா என்று கேளுங்கள். பழைய ஸ்பிண்டில் குட்டையாக இருப்பதால் வளைவில் முன் டயர் வெளிப்பக்கம் சாய்ந்து ஓரத்தில் ஓடும். கூடவே சஸ்பென்ஷனின் மேல் கையையும் மாற்றினால் அந்தக் குறை பெருமளவு தீரும். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் தோள்பட்டை சேர்ந்த இன்றைய பெல்ட் போடுங்கள். குடும்பத்தோடு போகப் போகிறேன் என்றீர்கள்.

சட்டத்தில் உங்களுக்குத் தடை இல்லை. டெக்சாஸில் புகைச் சோதனை உள்ள கவுன்டிகளிலும் 24 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு அது கிடையாது. கலிஃபோர்னியாவுக்கு மாறிப் போனாலும் 1975 வரையான வண்டிகளுக்கு விலக்கு உண்டு.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பழைய 5.3-ஐ எல்லாச் சாமான்களோடும் ஓரிரு ஆயிரம் டாலரை ஒட்டித் தேடிப் பிடிக்கலாம். சம்ப், மவுண்ட், டேங்க், ரேடியேட்டர், வயரிங், சைலன்சர், டிரைவ் ஷாஃப்ட், பிரேக், ஏசி என்று சேர்க்கும்போது இன்ஜின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். சொந்தக் கையால் மாட்டினால் 30,000-க்குள் இவ்வளவும் அடங்கி, டிங்கரிங்குக்கும் கொஞ்சம் மிஞ்சும். நல்ல கடையில் முழு பெயிண்ட் அடிக்க அது போதாது. மொத்த வேலையையும் கடையில் விட்டால் இன்ஜின் ஏறும் முன்பே பணம் தீர்ந்துவிடும். அப்படிச் செய்ய வேண்டிய நிலை என்றால், இன்னொருவர் ஏற்கெனவே செய்து முடித்த வண்டியை விலைக்கு வாங்குவது லாபம். இவற்றைச் செய்தவர்கள் போட்ட பணம் விற்கும்போது திரும்புவது அபூர்வம்.

கழற்றிய 307-ஐப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். வலப்பக்கத் தலைக்கு முன்னால் பிளாக்கில் தட்டியிருக்கும் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு, துளைகளை அடைத்து, பவர்கிளைடோடு ஒரு மூலையில் வையுங்கள். உடம்பில் எங்கும் வெட்டாமல் மாற்றியிருந்தால், நாளைக்கு வாங்குபவர் அசல் நிலைக்குத் திருப்ப ஆசைப்பட்டால் அது பேரத்தில் உதவும்.

கடைசியாக இன்சூரன்ஸ். சாதாரண பாலிசியில் இது ஐம்பது வருஷத்துக்கும் மேலான பழைய வண்டி, அவ்வளவுதான். இடிபட்டால் கைக்கு வருவது சொற்பம். பழைய வண்டிகளுக்கென்றே, மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் பாலிசி இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு பில்லும் வேலை நடக்கும்போது எடுத்த படங்களும் கேட்பார்கள். டேங்க்கை மாற்றும் நாளிலிருந்தே ஒரு ஃபைல் போட்டு வையுங்கள். வேலை பாதியில் வண்டி கராஜில் நிற்கும்போதும் அந்தப் பாலிசி பொருந்துமா என்று ஏஜென்டிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.